லாரி ஓடும் மலைச் சாலையில் நீண்ட தூர சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட தூரம் சைக்கிளில் போக நினைக்கிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை, மெயின் ரோட்டைத் தவிர்த்துவிடுங்கள் என்பதுதான். நல்ல அறிவுரை. ஆனால் மலைப் பகுதியில் பல இடங்களில் அது நடக்காது. மலையைக் கடக்க இருப்பது ஒரே சாலை. லாரி, பஸ், கார், நீங்கள் எல்லாரும் அதில்தான் போயாக வேண்டும். அப்படிப்பட்ட பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும்; அதனால் இடது, வலது என்று சொல்லாமல் ஓரம், நடு என்றே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட சாலையில் பல நாள் ஓட்டுவது ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு. ஆனால் அது பாதை முழுக்க ஒரே அளவாகப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலான தூரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரம் இருக்கும், முன்னும் பின்னும் நன்றாகத் தெரியும், வருகிற வண்டிக்கு ஒதுங்கிப் போக இடம் இருக்கும். மலையும் வண்டிக் கூட்டமும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் சிக்கல். ஓரமே இல்லாத ஏற்றம், வளைவுக்குள் வரும் குறுகலான பாலம், இறக்கத்தின் அடியில் திடீரென்று வரும் சந்திப்பு, இவைதான் அந்த இடங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் வரும் 16 மீட்டர் நீள லாரி, 22 கி.மீ. வேகத்தில் போகும் உங்களைக் கடக்க ஒரு விநாடி போதும். ஏற்றத்தில் அதே லாரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும். நீங்கள் 8 கி.மீ. வேகத்தில் போவீர்கள். இப்போது அது உங்கள் பக்கத்திலேயே ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடிக்குள் சாலை வளையலாம், எதிரே கார் வரலாம், உங்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு குழி வரலாம். வேகமாக வரும் வண்டிக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். மலையில் மெதுவாக வரும் நீளமான வண்டிக்கும் அதே அளவு கவனம் வேண்டும்.

அதனால் முழுப் பாதையையும் நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. அந்தச் சில கிலோமீட்டர்கள் எங்கே வருகின்றன என்று முன்பே கண்டுபிடியுங்கள். அவற்றை எந்த நேரத்தில், எந்த கியரில், சாலையில் எந்த இடத்தில் ஓட்டப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான்.

அந்த இடங்களை வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சட்டம். அதிவேக விரைவுச் சாலைகளில் பல நாடுகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சில பெரிய பாலங்களிலும் சுரங்கங்களிலும் அப்படித்தான். கார் வழியை அப்படியே சைக்கிள் வழியாக எடுத்துக்கொண்டால் பாதி வழியில் தடைப் பலகை முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

அப்புறம் உயர வரைபடம். ரைட் வித் ஜிபிஎஸ், கோமூட் போன்ற செயலிகளில் பாதையை வரைந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தச் செயலிகள் பொதுவாக நிலத்தின் உயரத்தைத்தான் பார்க்கின்றன, சாலையின் உயரத்தை அல்ல. சாலை சுரங்கத்துக்குள் போனால், மேலே இருக்கும் மலையின் உயரத்தைக் கணக்கில் சேர்த்து, இல்லாத ஒரு செங்குத்து ஏற்றத்தைக் காட்டும். உயரமான பாலத்தில் போனால் கீழே இருக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோலக் காட்டும். ஒரு கிலோமீட்டருக்குள் 25 சதவீத ஏற்றம் என்று வந்தால், அங்கே சுரங்கமோ பாலமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது வேலைதான் மிக முக்கியம். தெருக்காட்சிப் படங்கள் இருக்கும் இடங்களில், ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை சாலையைப் படத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஒன்றே ஒன்று: ஓரம் எங்கே தொலைகிறது? மெதுவாக ஏறும் லாரிகளுக்காக மலையில் கூடுதலாக ஒரு தடம் போடுவார்கள். அந்தத் தடத்துக்கு இடம் வேண்டி, அதுவரை அகலமாக வந்த ஓரத்தைப் பெரும்பாலும் குறுக்கிவிடுவார்கள். அதாவது உங்களுக்கு ஓரம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது காணாமல் போகும். அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

சைக்கிள்காரர்கள் அதிகம் போன பாதைகளை வண்ணத்தில் காட்டும் வரைபடங்களும் உதவும், ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு சாலை பளிச்சென்று தெரிவதால் அது நல்ல சாலை என்று ஆகிவிடாது. வேறு வழியே இல்லாததால் எல்லாரும் அதில் போயிருக்கலாம்.

மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் பழைய சாலை இருந்தால் அதில் போகலாமா?

பெரும்பாலும் போகலாம். சாலையை அகலப்படுத்தி நேராக்கும்போது பழைய சாலையின் துண்டுகள் பக்கத்திலேயே விடப்படுவது உண்டு. வண்டி குறைவு, நிழல் அதிகம். ஆனால் புதிய சாலை மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் போடப்பட்டது. பழையது மலை சொன்னபடி ஏறி இறங்கும். தூரமும் கூடும், ஏற்றமும் கூடும். சமதளத்தில் ஓரம் நன்றாக இருந்தால் நான் மெயின் ரோட்டிலேயே போய்விடுவேன். குறுகலான ஏற்றத்துக்கு மட்டும் பழைய சாலையைத் தேடுவேன். கூடுதல் உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது?

கிலோமீட்டரை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் மலையில் ஏமாந்துபோவோம். ஏற்றத்தை மீட்டரில் கூட்டிப் பாருங்கள். 100 கி.மீ. தூரத்தில் மொத்த ஏற்றம் 500 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட சமதளம். 1,000 மீட்டர் என்றால் நல்ல மேடுபள்ளம். 1,500-ஐத் தாண்டினால் அது மலை நாள். மூட்டை முடிச்சோடு போகிறவருக்கு அதில் 100 கி.மீ. அதிகம்.

நீண்ட தூர சைக்கிள் பயணங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றும் பெயர் பெற்றதுமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891-ல் தொடங்கியது. அப்போது பந்தயம், இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும், பரிசு இல்லாத பயணம். தூரம் 1,200 கி.மீ. சொச்சம், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 12,000 மீட்டர், அதிகபட்ச நேரம் 90 மணி. அதற்குத் தகுதி பெற ஓட்ட வேண்டிய பயணங்களில் 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம் தருகிறார்கள். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 15 கி.மீ. மட்டுமே. பயிற்சி உள்ளவர்களுக்கே போதும் என்று வைத்த கணக்கு இது. பை சுமந்து, மலையில், பல நாள் தொடர்ந்து போகிறவர் மணிக்கு 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் மாலை இருட்டுக்கு முன்னால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

முதல் இரண்டு நாளைச் சிறியதாக வையுங்கள். உற்சாகத்தில் முதல் நாள் அதிகம் ஓட்டிவிட்டு, மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

6 சதவீத ஏற்றம் என்றால் என் காலுக்கு என்ன அர்த்தம்?

ஒரு கிலோமீட்டர் போனால் 60 மீட்டர் மேலே போயிருப்பீர்கள் என்று அர்த்தம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். 6 சதவீத ஏற்றத்தில் 10 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 160 வாட் சக்தி வேண்டும். 8 கி.மீ. வேகம் என்றால் 125 வாட் போதும். ஓரளவு பழகியவர் மணிக்கணக்கில் விடாமல் தரக்கூடியது 100 முதல் 150 வாட்தான். 10-க்கும் 8-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம், உச்சியில் சிரித்துக்கொண்டு நிற்பதற்கும் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம்.

இதோடு 15 கிலோ பை சேர்ந்தால் அதே 10 கி.மீ. வேகத்துக்கு இன்னும் 25 வாட் கூடுதலாக வேண்டும். பையிலிருந்து எதை எடுத்து வெளியே வைக்கலாம் என்று யோசிக்க இதுவே போதுமான காரணம்.

என் சைக்கிளில் இருக்கும் கியர் போதுமா?

முன்னால் இருக்கும் மிகச் சிறிய செயின்வீலின் பற்களையும், பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். முன் பற்களைப் பின் பற்களால் வகுங்கள். விடை 1 அல்லது அதற்குக் கீழே வந்தால் மலைக்குப் போகலாம். 34 பல் செயின்வீலும் 34 பல் பின் பல்சக்கரமும் இருந்தால் விடை 1. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் 8.8 கி.மீ. வேகம். பின்னால் 28 பல் மட்டுமே இருந்தால் அதே மிதிக்கு 10.7 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும். முடியாதபோது மிதி 50-க்குக் கீழே இறங்கும், முழங்காலில் அழுத்தம் ஏறும், ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும்.

ஹேண்டில்பார் ஆடுவதுதான் இந்த மாதிரிச் சாலையில் பெரிய பிரச்சினை. கனமான கியரில் உடம்பை முறுக்கி மிதிக்கிறவர் நேர்கோட்டில் போக மாட்டார். பக்கத்தில் ஐந்து விநாடி லாரி இருக்கும்போது நேர்கோடுதான் உங்கள் பாதுகாப்பு. ஆகவே லேசான கியர் காலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது. பை சுமப்பவர்கள் 0.9-க்குக் கீழே போக முடிந்தால் போங்கள். பின் கியர் செட்டை மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் உங்கள் பின் டிரெய்லியர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, எத்தனை பல் வரை தாங்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

லேசான கியர் போடுவதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ் அப்படித்தான் நினைத்தார். கியர் மாற்றும் டிரெய்லியருக்கு அந்தப் பந்தயத்தில் 1937 வரை அனுமதி இல்லை. அந்த வாதம் அதோடு முடிந்துபோனது.

ஏற்றத்தில் பின்னால் லாரி வந்து நிற்கிறது. என்ன செய்வது?

பதற்றப்பட்டு வேகமாக மிதிக்காதீர்கள். அரை நிமிடத்தில் மூச்சு தீர்ந்து, அப்போதுதான் ஆடத் தொடங்குவீர்கள். அதே வேகத்தில், நேராகப் போங்கள். எதிரே பார்வை மறையும் வளைவு என்றால் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் தடத்துக்குள் கொஞ்சம் வாருங்கள். கடக்க இடமில்லை என்பது லாரி ஓட்டுநருக்குப் புரியும். வளைவு முடிந்து சாலை தெரிய ஆரம்பித்ததும் ஓரத்துக்கு வந்து, கையைக் காட்டி வழி விடுங்கள். பின்னால் வரிசை நீண்டுவிட்டால், ஒதுங்க இடம் கிடைக்கும் முதல் இடத்தில் நின்று எல்லாரையும் போகவிடுங்கள். உங்களுக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டி வரும். நீங்கள் உள்பக்க ஓரத்தில் இருந்தால், லாரியின் தலை உங்களைத் தாண்டும்போது இருந்த இடைவெளி அதன் வால் வரும்போது இருக்காது. கொண்டை ஊசி வளைவில் இது உச்சத்துக்குப் போகும். உள்பக்கம்தான் செங்குத்தாகவும் இருக்கும். பின்னால் பெரிய வண்டி வருவது தெரிந்தால் கொண்டை ஊசிக்கு முன்னாலேயே நின்று அதை அனுப்பிவிட்டுத் திரும்புங்கள். வண்டி எதுவும் இல்லை, முன்னும் பின்னும் தெரிகிறது என்றால் உங்கள் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக எடுத்துத் திரும்பினால் ஏற்றம் சற்றுக் குறையும்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. ஆனால் தள்ளும்போது நீங்களும் சைக்கிளும் சேர்ந்து அகலம் அதிகம். ஓரமே இல்லாத இடத்தில் தள்ளுவது ஓட்டுவதைவிட மோசம். ஓரம் இருக்கும் இடத்தில் ஓய்வெடுத்துவிட்டு, அந்தக் குறுகலான துண்டை ஓட்டியே தாண்டுங்கள்.

சமதளத்தில் எந்த இடத்தில் ஓட்டுவது? ஓரம் முழுக்கக் கல்லும் கண்ணாடியுமாக இருக்கிறதே?

சுத்தமான அகல ஓரம் இருந்தால் அதில். இல்லையென்றால் வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் உள்ளே தள்ளி. தார் விளிம்பை உரசிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போனால் ஒதுங்க உங்களுக்கு இடமில்லை. பின்னால் வருகிறவருக்கோ தடம் மாறாமலே கடந்துவிடலாம் என்று தோன்றும். ஓரத்துக்கும் தடத்துக்கும் இடையே அடிக்கடி மாறி மாறிப் போவதும் வேண்டாம். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக மாறுங்கள்.

கடக்கும் வண்டி எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. ஸ்பெயினில் 1.5 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5, வெளியே 2 மீட்டர். நீங்கள் போகும் நாட்டில் என்ன சட்டம் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சந்திப்பில் நிற்கும் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள சந்தில் மட்டும் ஒருபோதும் நுழையாதீர்கள். அந்த லாரி ஓரப் பக்கம் திரும்பினால் தப்பிக்க வழி இருக்காது. அதன் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. பின்னாலேயே நில்லுங்கள்.

லாரி கடக்கும்போது சைக்கிள் ஆடுகிறது. இது சாதாரணமா?

சாதாரணம்தான். பெரிய வண்டி தன் முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் அது உங்களை வெளியே தள்ளும், உடனே வண்டியின் பக்கவாட்டை நோக்கி உள்ளே இழுக்கும். பக்கக் காற்று அடிக்கும் நாளில் இன்னொன்றும் நடக்கும். காற்றுக்கு ஈடுகொடுத்துச் சாய்ந்தபடி போய்க்கொண்டிருப்பீர்கள். லாரி நடுவே வந்ததும் காற்று சட்டென்று நிற்கும், சாய்ந்த பக்கமே, அதாவது லாரியை நோக்கியே, சைக்கிள் போகும். தாண்டியதும் காற்று மறுபடி அறையும்.

முழங்கையை மடக்கி, தோளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடியுங்கள். பின்பார்வைக் கண்ணாடி இருந்தால் லாரி வருவது முன்பே தெரியும், உடம்பு தயாராக இருக்கும். விலை குறைந்த சாமான்களில் இதற்கு இணையாக உதவும் இன்னொன்றை நான் பார்க்கவில்லை. காற்று பலமாகி, தடத்துக்குள் நேராகப் போக முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

இறக்கம்தானே சுகம்? அதில் என்ன கவலை?

சுகம்தான். ஆனால் ஒரே நாளில் நீங்கள் போகும் மிக அதிக வேகமும் அங்கேதான். உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது எதையாவது பார்த்து, பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 23 மீட்டர் ஆகும். 60 கி.மீ. என்றால் 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, நிற்கும் தூரம் இரண்டு மடங்கு. வளைவுக்கு அப்பால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடியும் வேகத்தில் மட்டும் போங்கள்.

பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் விடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும். கண் முன்சக்கரத்தில் இருக்க வேண்டாம், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் சூடு. நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள் என்றால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதி காற்றில் போகும், மீதி பிரேக்கில்தான். ரிம் பிரேக் என்றால் ரிம் சுட்டு, உள்ளே டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பிரேக் கட்டை பிடிமானம் இழக்கும், எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் லிவர் இழுத்தாலும் பிடிக்காத நிலை வரலாம். லிவரை லேசாக உரசவிட்டபடியே முழு மலையும் இறங்குவதுதான் இதற்குக் காரணம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முழுதாக விடுங்கள், மறுபடி பிடியுங்கள். முன்னும் பின்னும் இரண்டையும் பயன்படுத்துங்கள். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ஆறவிடுவதும் நல்லது. அப்போது ரிம்மையோ டிஸ்க்கையோ விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

செங்குத்தான இறக்கத்தில் கனமான லாரிகள் சின்ன கியரில் ஊர்ந்துதான் இறங்கும். அவற்றைத் தாண்டிப் போக ஆசை வரும். வேண்டாம். இடைவெளி விட்டு, அதன் கண்ணாடியில் நீங்கள் தெரியும்படி, பின்னாலேயே இறங்குங்கள்.

வேகத்தில் சைக்கிள் தானாகவே நடுங்கத் தொடங்கினால் முழங்கால்களால் மேல் குழாயை இறுக்கிப் பிடித்து, கையைத் தளர்த்தி, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பையில் எடை ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறதா, சக்கர நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று அப்புறம் நின்று பாருங்கள்.

எந்த நேரத்தில் ஓட்டுவது நல்லது?

குறித்து வைத்த கடினமான துண்டை, பொழுது நன்றாக விடிந்ததும், வண்டி கூடுவதற்கு முன்னால் தாண்டும்படி திட்டமிடுங்கள். முந்தின இரவு அந்த ஏற்றத்தின் அடிவாரத்தில் தங்கினால் இது எளிது. ஒரு நாளின் தூரம் இதனால் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை.

ஒரே ஓர் இடைஞ்சல், தாழ்ந்த வெயில். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் பின்னால் விழுந்தால் நீங்கள் சூரியனை நோக்கிப் போகிறீர்கள். பின்னால் வரும் ஓட்டுநருக்கும் கண் கூசுகிறது, உங்களைத் தெரியாமல் போகலாம். நிழல் முன்னால் நீண்டு விழுந்தால் எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். குறுக்கே திரும்பும் வண்டிகளைக் கவனியுங்கள். முதல் வகையில், ஓரமும் இல்லை என்றால், அரை மணி நேரம் நின்று வெயில் ஏறவிட்டுப் போவது நல்லது.

என்ன விளக்கு, என்ன உடை?

பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் மலைச் சாலையில் அது மிகவும் உதவும். முன்னால் வெள்ளை. இரவில் ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள்: மேலும் கீழும் ஆடும் ஒளியைப் பார்த்ததும் அது மிதிக்கும் ஆள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். முதுகில் ஆடாமல் இருக்கும் பட்டைக்கு அந்தப் பலன் இல்லை. ஹெல்மெட் போடுங்கள்.

ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த உடம்போடு அப்படியே இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது. உச்சியில் நின்று போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சுரங்கம் வந்தால்?

நார்வே போன்ற நாடுகளில் பல சுரங்கங்களில் சைக்கிளுக்குத் தடை. பக்கத்தில் பழைய சாலை இருக்கும், அல்லது பஸ்ஸில் ஏற்றிக் கடக்க வேண்டும். அனுமதி உள்ள சுரங்கத்தில் நுழைவதற்கு முன் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், இரண்டு விளக்கையும் போடுங்கள். உள்ளே சத்தம் பல மடங்காகக் கேட்கும், தொலைவில் வரும் கார்கூடத் தலைக்கு மேல் வருவதுபோல இருக்கும். அது வெறும் எதிரொலி. நேராகப் போய்க்கொண்டே இருங்கள். உள்ளே ஏற்றம் உள்ள நீண்ட சுரங்கம், நடைமேடை இல்லை என்றால் லாரியிலோ பஸ்ஸிலோ ஏற்றிக்கொண்டு போவதில் ஒரு தயக்கமும் வேண்டாம்.

டயர், பஞ்சர்?

28 முதல் 35 மில்லிமீட்டர் அகலம், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர். பெரிய சாலையோரத்தில் பஞ்சர் ஆக்குவது முள்ளைவிடக் கம்பிதான். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் ஓரம் முழுக்கக் கிடக்கும். முடிபோல இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கம்பி இருந்தால் துணி சிக்கும். அதை எடுக்காமல் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். இரண்டு டியூப், ஒட்டும் சாமான், பம்ப் கட்டாயம். பஞ்சர் பார்க்கும்போது வண்டி ஓடும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். சாலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள்.

எவ்வளவு சாப்பிட, குடிக்க வேண்டும்?

உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400, 500 கிராம். மலையில் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் கால் மட்டும் ஓய்வதில்லை, தலையும் மந்தமாகும். சந்திப்பில் தவறாக முடிவெடுப்போம். ஆகவே இதுவும் பாதுகாப்பு விஷயம்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி வருவதற்கு முன்னாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம் இருக்கும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். பல மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், அதனால் உப்பும் சேருங்கள். ஏற்றத்தில் ஒரு கையை விட்டுச் சாப்பிட முடியாது; ஏற்றம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்.

முழங்கால் வலி, கை மரத்துப்போவது?

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும், அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகமாக இருக்கலாம். ஒரே தடவையில் நிறைய மாற்றாமல் சில மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது. கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். வலி ராத்திரி தூங்கி எழுந்தும் குறையவில்லை என்றால் அன்று ஓய்வு.

மழை பெய்தால்?

நெடுநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி, தண்டவாளம் எல்லாவற்றையும் நிமிர்ந்து, திரும்பாமல், பிரேக் பிடிக்காமல் தாண்டுங்கள். தண்டவாளத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ரிம் பிரேக் நனைந்தால் முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது. லாரி வாரியடிக்கும் தண்ணீரில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் விளக்குகூட மங்கலாகத்தான் தெரியும். பலத்த மழையில் இறக்கம் வேண்டவே வேண்டாம்.

தனியாகப் போவதா, சேர்ந்து போவதா?

இரண்டு, மூன்று பேர் நல்லது. அதற்கு மேல் போனால் லாரி கடக்க வேண்டிய நீளம் கூடிவிடும். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில், இடைவெளி விட்டுப் போங்கள், உச்சியில் காத்திருக்கலாம். இறக்கத்தில் ஒருவர் பின்சக்கரத்தை இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

நடுவில் முடியாது என்று தோன்றினால்?

கிளம்பும் முன்பே, ஒவ்வொரு நாள் பாதையிலும் பஸ் நிற்கும் ஊர், ரயில் நிலையம், தங்க இடம் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் சைக்கிளை ஏற்றுவார்களா, சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் இருக்காது. அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். மாலை எத்தனை மணிக்குள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். அந்த மணிக்குள் அங்கே சேர முடியாது என்று மதியமே தெரிந்துவிட்டால், அடுத்த ஏற்றத்தைத் தொடங்காமல் இருக்கும் ஊரிலேயே தங்கிவிட்டு, வீட்டுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.